காவிரிப் படுகைப் போராட்டங்களும் சமூக ஊடகங்களில் அரசின் பரப்புரையும்

மக்கள் திரண்டு எழுப்பும் ஒரு கேள்விக்கு விடை சொல்லாமல், அதைக் கேட்பவர் யார், அவரை ஏவியவர் யார் என்ற வேறொரு கேள்வியை நாடு முழுதும் பேசவைப்பதே போராட்டக் காலங்களில் அரசுகள் மேற்கொள்ளும் பரப்புரையின் முதன்மைப் பணியாக இருந்துவருகிறது. காவிரிப் படுகையில் 2010ஆம் ஆண்டுக்குப் பின் மீத்தேன், ஹைட்ரோகார்பன், காவிரி நீர்ப் பங்கீடு ஆகியவற்றைச் சுற்றி எழுந்த போராட்டங்களையும், அவற்றோடு ஒரே காலத்தில் கைபேசி வழியாக வளர்ந்த செய்திப் போரையும் இணைத்து ஆராய்வோருக்கு இந்த உண்மை மீண்டும் மீண்டும் எதிர்ப்படுகிறது. பரப்புரை என்னும் சொல் இக்கட்டுரையில், ஒரு கருத்தை மக்கள் மனத்தில் பதியவைக்கவோ, ஒரு கருத்து அவர்களிடையே பரவாமல் தடுக்கவோ, ஒரு தரப்பினரின் நம்பகத்தன்மையைக் குலைக்கவோ திட்டமிட்டு மேற்கொள்ளப்படும் தகவல் நடவடிக்கைகள் அனைத்தையும் குறிக்கிறது. பொய் அதற்கு இன்றியமையாத உறுப்பு என்று கருதத் தேவையில்லை. மெய்யான ஒரு செய்தியை இடம் மாற்றிச் சொல்வதாலும், சொல்லவேண்டிய நேரத்தில் சொல்லாமல் விடுவதாலும் அதே விளைவை எய்த முடியும் என்பதற்குப் படுகையின் அண்மை வரலாறு போதிய சான்றுகளைத் தருகிறது.

ஆய்வில் முதலில் எதிர்ப்படும் சிக்கல், அரசு என்பது யார் என்பதே. ஒன்றிய அரசின் அமைச்சகங்களும் மாநில அரசின் செய்தித் துறையும் காவல்துறையும் தம் பெயரில் வெளியிடுபவை ஒரு வகை. ஓ.என்.ஜி.சி. போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் வெளியிடும் விளக்கங்கள் மற்றொரு வகை. ஆளும் கட்சிகளின் தகவல் தொழில்நுட்பப் பிரிவுகளும், அவற்றுக்கு வெளியே ஊதியம் பெற்றோ பெறாமலோ இயங்கும் ஆதரவாளர் கணக்குகளும் மூன்றாம் வகை. இந்த மூன்றாம் வகையே மிகக் கூர்மையான சொற்களைப் பயன்படுத்துகிறது. பொறுப்பேற்கவேண்டிய கட்டம் வரும்போது அரசு அதைத் தன்னுடையதல்ல என்று விலக்கிவிடவும் முடிகிறது. 2020 டிசம்பரில், தில்லி எல்லையில் நடந்த உழவர் போராட்டத்தில் முதிய விவசாயி ஒருவரைக் காவலர் தடியால் தாக்க முற்பட்ட காட்சியைக் குறித்துப் பாரதிய ஜனதா கட்சியின் தகவல் தொழில்நுட்பப் பிரிவுத் தலைவர் அமித் மாளவியா வெளியிட்ட காணொலிப் பதிவைத் திரிக்கப்பட்டது என ட்விட்டர் நிறுவனம் முத்திரையிட்டது. அப்பதிவு கட்சியின் பதிவு; ஆயினும் அது காக்க முனைந்தது அரசின் நடத்தையை. எனவே கட்சிக்கும் அரசுக்கும் இடையிலான கோட்டை மிக இறுக்கமாகப் போட்டால் ஆய்வுப் பொருளின் பெரும்பகுதி கைநழுவிப் போகும். கோட்டையே அழித்துவிட்டால் ஆட்சியாளரை ஆதரிக்கும் குடிமகன் ஒவ்வொருவனும் கூலிக்குப் பேசுபவன் என்றாகிவிடும். இரண்டும் தவறு.

இத்துறையில் உலக அளவில் நடந்துள்ள ஆய்வுகளில் சீனாவைப் பற்றியவை மிகவும் விரிவானவை. மார்கரெட் ராபர்ட்ஸ் 2018இல் வெளியிட்ட நூலில், அரசின் தகவல் கட்டுப்பாடு அச்சுறுத்தல், இடையூறு, வெள்ளம் என்னும் மூன்று வழிகளில் நடைபெறுவதாக விளக்குகிறார். எழுதுபவரைத் தண்டிப்பது அச்சுறுத்தல். செய்தியை எட்டுவதற்கான நேரத்தையும் உழைப்பையும் கூட்டி, பெரும்பாலோர் சலித்துத் திரும்பிவிடச் செய்வது இடையூறு. முதன்மைச் செய்தி கண்ணில் படாதபடி வேறு செய்திகளைக் கொட்டி நிரப்புவது வெள்ளம். அவரும் கேரி கிங், ஜெனிஃபர் பான் ஆகியோரும் இணைந்து 2017இல் வெளியிட்ட ஆய்வு, ஜியாங்ஷி மாநிலத்தின் உள்ளூர் பரப்புரை அலுவலகம் ஒன்றிலிருந்து கசிந்த மின்னஞ்சல்களைக் கொண்டு, சீன அரசு ஆண்டுதோறும் ஏறத்தாழ 44 கோடியே 80 இலட்சம் பதிவுகளைப் பொதுமக்கள் எழுதியவை போல வெளியிடுகிறது என்று மதிப்பிட்டது. அப்பதிவுகளில் அரசை எதிர்ப்பவரோடு வாதிடுபவை மிக அரிது என்பதே அவ்வாய்வின் வியப்பூட்டும் முடிவு. அவை வாதத்திற்குள் நுழையாமல் பேச்சை வேறு திசைக்குத் திருப்பின. இந்தியாவில் இத்தகைய மையப்படுத்தப்பட்ட அமைப்பு இருப்பதாகக் காட்டும் சான்று இல்லை; தேர்தலும் நீதிமன்றமும் போட்டிக் கட்சிகளும் உள்ள நாட்டில் பரப்புரையின் வடிவம் வேறுபடவே செய்யும். எனினும் பேச்சைத் திசைதிருப்புவது என்னும் உத்தி இரு நாடுகளுக்கும் பொதுவாகவே உள்ளது.

கைபேசி வருவதற்கு முன்பே இப்படுகை அரசின் பரப்புரையைக் கண்டிருக்கிறது. 1930 ஏப்ரல் 13 அன்று இராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்திற்கு உப்பெடுக்கப் புறப்பட்டபோது, தஞ்சை மாவட்ட ஆட்சியராக இருந்த தார்ன், அவர்களுக்கு உணவோ தங்குமிடமோ தருவோர் சிறைத்தண்டனைக்கு உள்ளாவர் என்பதைத் தமிழ்ச் செய்தித்தாள்கள், துண்டறிக்கைகள், தண்டோரா ஆகியவற்றின் வழியாக ஊர் ஊராக அறிவிக்கச் செய்தார். எச்சரிக்கையை மீறி விருந்தளித்த கும்பகோணம் பந்துலு ஐயர் சிறைக்கு அனுப்பப்பட்டார். படுகை மக்களோ உணவுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டி வைத்தனர். இந்நிகழ்ச்சியில் கவனிக்கத்தக்கது, அன்றைய அரசு தன் பெயரிலேயே பேசியது என்பதாகும். அச்சுறுத்தியவர் ஆட்சியர் என்பது தண்டோராவைக் கேட்ட ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்ததால், அதற்கு எப்படி நடந்துகொள்வது என்று முடிவெடுக்கவும் அவர்களால் முடிந்தது. இன்றைய வாட்ஸ்அப் பகிர்வுக்குப் பேசுபவரின் பெயர் இல்லை. அது உறவினர் வழியாகவோ ஊர்க்காரர் வழியாகவோ வந்து சேர்வதால் அவர்களுடைய நம்பகத்தன்மையையே தனக்கும் இரவல் வாங்கிக்கொள்கிறது.

விடுதலைக்குப் பின் மாநிலத்தில் நடந்த பெரும் போராட்டங்களுள், பிற்காலப் பரப்புரைக்கு வார்ப்பாக அமைந்தது கூடங்குளம். 2011-12இல் இடிந்தகரையை மையமாகக் கொண்டு அணு உலைக்கு எதிராக மீனவ மக்கள் போராடியபோது, அன்றைய தலைமை அமைச்சர் மன்மோகன் சிங், 2012 பிப்ரவரியில் அமெரிக்க அறிவியல் இதழ் ஒன்றுக்கு அளித்த நேர்காணலில், அமெரிக்காவிலும் ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் இயங்கும் தன்னார்வ அமைப்புகளை அப்போராட்டத்தோடு தொடர்புபடுத்திப் பேசினார். கதிர்வீச்சுக் கழிவை எங்கே வைப்பது, மீன்வளம் என்னவாகும், ஆபத்து நேர்ந்தால் மக்களை எப்படி வெளியேற்றுவது என்று கேட்கப்பட்ட கேள்விகள் யாவும் அந்நியப் பணம் பற்றிய பேச்சில் பின்னுக்குத் தள்ளப்பட்டன. 2014 ஜூனில் வெளியில் கசிந்த உளவுத்துறை அறிக்கை ஒன்று, வெளிநாட்டு நிதி பெறும் அமைப்புகளால் நாட்டின் பொருளாதார வளர்ச்சி குறைகிறது என்று கூறி இதே வாதத்திற்கு எண்ணின் தோற்றத்தைத் தந்தது. ஆட்சிகள் மாறியும் வாதம் மாறவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும்; இவ்வுத்தியை ஒரே கட்சியின் கண்டுபிடிப்பு என்று கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

காவிரிப் படுகையின் எரிவாயுச் சிக்கல் கூடங்குளத்தைப் போல ஓரிடத்தில் குவிந்ததன்று. 2010இல் கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனத்துக்கு மன்னார்குடி வட்டாரத்தில் 691 சதுர கிலோமீட்டர் பரப்பில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க உரிமம் வழங்கப்பட்டு, 2011 ஜனவரியில் அன்றைய மாநில அரசும் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது. நிலக்கரிப் படிவத்துள் அடைபட்டிருக்கும் வாயுவை வெளிக்கொணர, அதை அழுத்திக்கொண்டிருக்கும் நிலத்தடி நீரை முதலில் இறைத்து அகற்றவேண்டும். ஆற்றுநீர் எட்டாத மாதங்களில் ஆழ்குழாய்க் கிணற்றை நம்பிக் குறுவையும், கோடையில் பருத்தியும் உளுந்தும் பயிரிடும் உழவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கிற்று. இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று இதைப் பேசினார். 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டையை அடுத்த அத்திவெட்டியில் அவர் காலமானதும் அப்பரப்புரைப் பயணத்தின் நடுவில்தான். பேராசிரியர் த. ஜெயராமன் முதலானோரின் மீத்தேன் எதிர்ப்புக் கூட்டமைப்பு துண்டறிக்கை, தெருமுனைக் கூட்டம், குறும்படம், முகநூல் என்று எல்லா வழிகளையும் கையாண்டது. 2015 அக்டோபரில் மாநில அரசு மீத்தேன் திட்டங்களுக்குத் தடை விதித்தது.

அதன் பின் நிகழ்ந்ததே பரப்புரை ஆய்வுக்கு மிகவும் வளமான பகுதியாகும். 2016 மார்ச்சில் ஒன்றிய அரசு புதிய ஹைட்ரோகார்பன் உரிமக் கொள்கையைக் கொண்டுவந்தது. ஹைட்ரோகார்பன் என்பது கரிமமும் நீரகமும் சேர்ந்த சேர்மங்களின் பொதுப்பெயர். கச்சா எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், பாறை எரிவாயு ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கும். இவை ஒவ்வொன்றுக்கும் முன்பு தனித்தனி உரிமம் பெறவேண்டியிருந்தது. புதிய கொள்கைப்படி ஒரே உரிமத்தில் அனைத்தையும் தேடவும் எடுக்கவும் வழி ஏற்பட்டது. 2017 பிப்ரவரி 15 அன்று, கண்டறியப்பட்டும் பயன்படுத்தப்படாத சிறு எண்ணெய் வயல்களின் 31 ஒப்பந்தப் பகுதிகளுக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தபோது, புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலும் அவற்றுள் இருந்தது. மறுநாளே அவ்வூரில் போராட்டம் தொடங்கியது. அரசுத் தரப்பு உடனே தந்த விளக்கம், இது மீத்தேன் திட்டமும் பாறை எரிவாயுத் திட்டமும் அன்று, வழக்கமான எண்ணெய் எரிவாயுத் திட்டமே என்பதாகும். அந்தக் குறிப்பிட்ட வயலின் அன்றைய நிலையை மட்டும் பார்த்தால் அவ்விளக்கம் பொய்யில்லை. ஆனால் உரிமம் எதையெல்லாம் அனுமதிக்கிறது என்று ஊர் கேட்ட கேள்விக்கு அது விடையும் இல்லை. முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் 'வதந்தியை நம்பாதீர்' என்ற தலைப்போடு சுற்றிய விளக்கப் படங்களின் இயல்பும் இதுவே. மறுக்க எளிதான ஒரு கூற்றை எடுத்து மறுத்துவிட்டு, மறுக்கக் கடினமான கூற்றைத் தொடாமல் விட்டுவிடும்.

போராட்டத் தரப்பும் மிகைக் கூற்றுகளிலிருந்து விடுபட்டிருக்கவில்லை. சில ஆண்டுகளில் படுகை முழுவதும் பாலைவனமாகும் என்ற காலக்கெடுவுடன் கூடிய செய்திகளும், வேறு நாடுகளின் எண்ணெய் விபத்துப் படங்களும் நம்மூர் வயல்கள் என்ற பெயரில் பரவின. இவற்றைச் சுட்டிக்காட்டும் உரிமை அரசுக்கு உண்டு. ஆயினும் ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. ஒப்பந்த ஆவணம், சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை, கிணறுகளின் இருப்பிடம், ஆழம், பயன்படுத்தப்படும் வேதிப்பொருள்கள் ஆகியவை தமிழில் அந்தந்த ஊராட்சி அலுவலகத்தில் மக்கள் படிக்கும்படி வைக்கப்பட்டிருந்தால் வதந்திக்கு எவ்வளவு இடம் இருந்திருக்கும்? தலைமதகை அடைத்து வைத்துக்கொண்டு, கடைமடைக்காரர் குட்டை நீரைக் குடிக்கிறார் என்று குறை சொல்வதற்கு ஒப்பானது இது. 2020 ஜனவரி 16 அன்று சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையைத் திருத்தி, எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்லை என்று ஒன்றிய அரசு ஆக்கியபோது, மக்கள் நேரில் கேட்டு நேரில் விடை பெறக்கூடிய ஒரே சட்டபூர்வ மேடையும் அகற்றப்பட்டது. ராபர்ட்ஸ் இடையூறு என்று குறிப்பிடுவதன் படுகை வடிவம் இது. இணையத்தைத் தொடாமலே தகவலின் விலையை உயர்த்திவிட முடியும்.

2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. குழாயில் கசிவு ஏற்பட்டு வயலில் எண்ணெய் பரவியது. ஆட்சியர் நேரில் வரவேண்டும் என்று கோரி மக்கள் திரண்டிருந்த இடத்தில் தீப்பற்றியது; தடியடி நடந்தது; பேராசிரியர் ஜெயராமன் உள்ளிட்டோர் கைது செய்யப்பட்டனர். தீயை வைத்தவர் யார் என்பதில் காவல்துறையும் ஊர்மக்களும் நேர் எதிரான விளக்கங்களைத் தந்தனர். குழாய் ஏன் கசிந்தது, எத்தனை ஆண்டுப் பழமையானது, அத்தகைய குழாய்கள் வேறு எந்தெந்த ஊர்களின் வயல்களுக்கு அடியில் செல்கின்றன என்பவையே அந்நிகழ்ச்சி எழுப்பிய கேள்விகள். அடுத்த வாரங்களில் ஊடகங்களிலும் சமூக ஊடகங்களிலும் மிகுதியாகப் பேசப்பட்டதோ, ஊருக்குள் வந்த 'வெளியாட்கள்' யார் என்பதே. அதே ஜூலையில், நெடுவாசல், கதிராமங்கலம் போராட்டங்களுக்கு ஆதரவாகத் துண்டறிக்கை வழங்கிய சேலத்து மாணவி ஒருவர் குண்டர் தடுப்புச் சட்டத்தின் கீழ் அடைக்கப்பட்டார். செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாணையை இரத்து செய்தது. ஆணை இரத்தானாலும் அது அறிவித்த செய்தி இரத்தாவதில்லை. துண்டறிக்கை கொடுத்தவருக்கு நேர்ந்ததைக் கைபேசியில் படித்த கல்லூரி மாணவர்கள், தம் பெயரில் ஒரு பதிவைப் பகிர்வதற்கு முன் பெற்றோரின் முகத்தை எண்ணிப் பார்க்கவேண்டிய நிலைக்கு ஆளாயினர். தண்டனையும் ஒரு வகைப் பரப்புரையே என்பது இதனால் பெறப்படும்.

திருக்கடையூரைச் சூழ்ந்த கடலோரப் பகுதி இச்சிக்கலின் மற்றொரு முகத்தைக் காட்டுகிறது. அமிர்தகடேசுவரர் கோயிலுக்கு மணிவிழாவும் சதாபிடேகமும் செய்துகொள்ள வருவோருக்கு அவ்வூர் வழிபாட்டுத் தலம். அங்கு வாழ்வோருக்கோ அது கடைமடைப் பாசனமும் உவர்நீர் ஊடுருவலும், அருகிலுள்ள பிள்ளைபெருமாள்நல்லூரின் எரிவாயு மின்நிலையமும் சேர்ந்த நிலப்பரப்பு. 2018இல் திறந்தவெளிப் பரப்பு உரிமக் கொள்கையின் முதல் சுற்றில் தமிழகக் கடலோரத்தில் ஒதுக்கப்பட்ட வட்டாரங்கள் மரக்காணத்திலிருந்து வேளாங்கண்ணி வரை நிலத்தையும் கடலையும் தழுவியவை. அவற்றில் பெரும்பங்கு வேதாந்தா நிறுவனத்திற்குச் சென்றது. 2019இல் செம்பனார்கோவில் வட்டாரத்தில் கெயில் நிறுவனம் மாதானம்-மேமாத்தூர் எரிவாயுக் குழாயைப் பயிர் நின்ற வயல்களின் ஊடாகப் பதிக்க முற்பட்டபோது உழவர்கள் எடுத்த கைபேசிக் காணொலிகளே அச்செய்தியை மாநிலம் முழுதும் கொண்டுசென்றன. அதே ஆண்டு ஜூனில் மரக்காணம் முதல் இராமேசுவரம் வரை கடற்கரை மாவட்டங்களில் நடந்த மனிதச் சங்கிலியைத் திரட்டுவதிலும் இத்தகைய பகிர்வுகள் பங்காற்றின. அரசின் கையில் இருப்பது போலவே மக்களின் கையிலும் சமூக ஊடகம் ஒரு கருவி என்பதற்கு இவை சான்று. ஆனால் கருவி சமமாக இருந்தாலும் காலம் சமமாக இல்லை. ஓர் உழவர் நடவுக்கும் அறுவடைக்கும் இடையே பதிவிடுகிறார்; அரசும் கட்சியும் அதற்கென ஆள் வைத்து நாள்முழுதும் பதிவிடுகின்றன.

இழிவுபடுத்தும் பரப்புரைக்கு மிகத் தெளிவான சான்று, படுகை உழவர்களின் தில்லிப் போராட்டம். 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் மாநிலத்தின் 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. பயிர் கருகியதைக் கண்டு மாண்ட உழவர்களின் மண்டையோடுகள் என்று கூறி அவற்றை ஏந்தியபடி, பி. அய்யாக்கண்ணு தலைமையில் உழவர்கள் 2017 மார்ச் 14 முதல் 41 நாள்கள் ஜந்தர் மந்தரில் அமர்ந்தனர். கடன் தள்ளுபடி, வறட்சி நிவாரணம், காவிரி மேலாண்மை வாரியம் என்ற அவர்களுடைய கோரிக்கைகள் நாட்டின் செய்திகளில் இடம்பெறத் தொடங்கியதும், அவர்கள் உணவகச் சாப்பாடு உண்கிறார்கள், புட்டித் தண்ணீர் குடிக்கிறார்கள், தலைவரிடம் விலையுயர்ந்த கார் உள்ளது என்ற பதிவுகள் ஆட்சி ஆதரவுக் கணக்குகளிலிருந்து பெருகின. உழவன் என்றால் பட்டினி கிடக்கவேண்டும் என்ற கொடிய எதிர்பார்ப்பு அப்பதிவுகளின் அடியில் இருந்தது. அதே ஏப்ரலில், வறட்சியால் உழவர் எவரும் தற்கொலை செய்துகொள்ளவில்லை, அவை சொந்தக் காரணங்களால் நேர்ந்த மரணங்கள் என்று மாநில அரசு உச்ச நீதிமன்றத்தில் உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்தது. ஒன்றியத்தை ஆண்டது ஒரு கட்சி, மாநிலத்தை ஆண்டது வேறொரு கட்சி. ஒருபுறம் போராடுபவர் உழவரே அல்லர் என்றும், மறுபுறம் இறந்தவர் உழவால் இறக்கவில்லை என்றும் இரு தரப்பிலிருந்தும் வந்த செய்திகள் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

மாநில அரசு தன் சொந்தப் பெயரில் பேசிய இடங்களில் மிகுதியாக ஒலித்த சொல் 'சமூக விரோதிகள்'. 2017 ஜனவரி 23 அன்று சென்னை மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் கலைக்கப்பட்ட பின், காவலர்களே வாகனங்களுக்குத் தீ வைப்பதாகக் காட்டும் காணொலிகள் பரவின; சட்டமன்றத்தில் முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம், ஒசாமா பின்லேடன் படத்தோடு சிலர் கூட்டத்தில் இருந்தனர் என்று விளக்கினார். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான பேரணியை ஒட்டி நடந்த துப்பாக்கிச் சூட்டிலும் வன்முறையிலும் 13 பேர் உயிரிழந்தபோதும் அதே சொல் பயன்பட்டது. மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களில் இணைய சேவை நிறுத்தப்பட்டது. வன்முறையைத் தூண்டும் செய்திகளைத் தடுப்பதே நோக்கம் எனப்பட்டது; விளைவோ, உறவினர் எந்த மருத்துவமனையில் கிடக்கிறார் என்று தேடியவர்களுக்குச் செய்தி எட்டாமல் போனதும், அரசின் விளக்கமே சில நாள்களுக்கு ஒரே விளக்கமாக நின்றதும் ஆகும். துப்பாக்கிச் சூட்டைத் தொலைக்காட்சியைப் பார்த்தே அறிந்துகொண்டதாக முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அப்போது கூறினார். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 2022இல் அளித்த இறுதி அறிக்கை, அவருக்கு அவ்வப்போது தகவல் தெரிவிக்கப்பட்டது என்ற சாட்சியங்களைக் கொண்டு அக்கூற்றை ஏற்க மறுத்ததோடு, காவல்துறை வரம்பு மீறியதாகவும் முடிவு செய்தது. கூற்றுக்கும் மறுப்புக்கும் இடையே கழிந்தவை நான்கு ஆண்டுகள். பரப்புரைக்குத் தேவைப்படுவது சில நாள்களே. ஆணையங்களின் உண்மை ஆட்சி மாறிய பிறகு வந்து சேர்கிறது.

ஹேஷ்டேக் எனப்படும் குறிச்சொல்லின் வழி நடந்த போரும் காவிரியோடு தொடர்புடையதே. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு 177.25 டி.எம்.சி. நீரை ஒதுக்கி, ஆறு வாரங்களில் செயல்திட்டம் வகுக்க ஆணையிட்டது. கெடு கடந்தும் காவிரி மேலாண்மை வாரியம் அமையவில்லை. ஏப்ரல் 12 அன்று பாதுகாப்புத் தளவாடக் கண்காட்சியைத் தொடங்கிவைக்கத் தலைமை அமைச்சர் நரேந்திர மோடி சென்னைக்கு வந்தபோது கறுப்புப் பலூன்களோடு, 'கோ பேக் மோடி' என்ற குறிச்சொல்லும் இணையத்தில் முன்னிடம் பெற்றது. அடுத்தடுத்த வருகைகளின்போது வரவேற்புக் குறிச்சொற்கள் போட்டிக்கு இறக்கப்பட்டன; 2019 அக்டோபரில் மாமல்லபுரத்தில் சீன அதிபருடனான சந்திப்பின்போது, எதிர்ப்புக் குறிச்சொல்லைப் பரப்பியவர்கள் பாகிஸ்தானியர் என்ற வாதமும் எழுந்தது. குறிச்சொல்லின் எண்ணிக்கை எத்தனை மனிதர்களின் கருத்து என்பதை அளப்பதில்லை. குறைந்த கணக்குகளும் ஒருங்கிணைந்து இயங்கினால் அதை உயர்த்த முடியும், இது இரு தரப்புக்கும் பொருந்தும். ஆயினும் 2018 ஏப்ரலில் குறிச்சொல்லுக்குப் பின்னால் ஒரு நீதிமன்றக் கெடுவும், மேட்டூர் திறப்பை எதிர்நோக்கிய வயல்களும் இருந்தன. குறிச்சொல்லை எந்த நாட்டார் பரப்பினர் என்ற ஆராய்ச்சி மட்டும் தொடர்ந்தது. காவிரி நீர் மேலாண்மை ஆணையம் 2018 ஜூன் 1 அன்றுதான் அறிவிக்கை செய்யப்பட்டது.

அரசே நேரடியாகக் குறிச்சொல்லைக் கையில் எடுத்த நிகழ்ச்சி 2021இல் நடந்தது. வேளாண் சட்டங்களுக்கு எதிரான தில்லிப் போராட்டத்தைப் பற்றிப் பாடகி ரியானா பிப்ரவரி 2 அன்று ஒரு வரியில் கேள்வி எழுப்பியதும், மறுநாள் வெளியுறவு அமைச்சகம் கண்டன அறிக்கையோடு இந்திய ஒற்றுமையையும் பரப்புரை எதிர்ப்பையும் குறிக்கும் இரு குறிச்சொற்களை வெளியிட்டது. திரை, விளையாட்டு நட்சத்திரங்கள் பலர் அவற்றையே பயன்படுத்தி ஒரே நாளில் பதிவிட்டனர். அதற்கு முன், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் சுமார் 250 ட்விட்டர் கணக்குகளும் பதிவுகளும் முடக்கப்பட்டிருந்தன. பின்னர் மேலும் 1,178 கணக்குகளை நீக்குமாறு அரசு கோரியது. அப்பிரிவின்படியான ஆணைகள் மறைவானவை. முடக்கப்பட்டவருக்கே காரணம் தெரிவதில்லை. குறைந்தபட்ச ஆதரவு விலை என்னாகும் என்ற உழவரின் கேள்வி, நாட்டை இழிவுபடுத்த முயல்வோர் யார் என்ற கேள்வியாக ஒரே வாரத்தில் மாற்றப்பட்டது.

அண்டை நாடுகளில் நிலைமை இதைவிட வெளிப்படையாக இருந்தது. 2019இல் ஹாங்காங் போராட்டத்தை இழிவுபடுத்தும் ஒருங்கிணைந்த இயக்கத்தில் ஈடுபட்டதாகச் சீனாவிலிருந்து இயங்கிய 936 கணக்குகளை ட்விட்டர் நீக்கியது. இலங்கையில் பொருளாதார நெருக்கடியை எதிர்த்து எழுந்த அரகலய எழுச்சியின் தொடக்கத்தில், 2022 ஏப்ரல் 3 அன்று, பாதுகாப்பு அமைச்சகத்தின் வேண்டுகோளின்பேரில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. ஒரு நாள் முடிவதற்குள் தடை விலக்கப்பட்டது. எரிபொருளுக்கு வரிசையில் நின்றவர்களிடம் தட்டுப்பாடு இல்லை என்று எந்தக் கணக்காலும் நம்பவைக்க முடியவில்லை. மக்கள் தம் உடலால் உணரும் பற்றாக்குறைக்கு முன் பரப்புரை வலுவிழக்கிறது. நிலத்தடி நீர் போல மெதுவாகவும் கண்ணுக்கு எட்டாமலும் நிகழும் இழப்பில்தான் அதற்கு இடம் மிகுதி. படுகையின் எரிவாயுச் சிக்கல் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது என்பதாலேயே இங்குச் செய்திப் போர் இவ்வளவு நீண்டது.

உண்மை எது என்று முடிவு செய்யும் அதிகாரத்தையே அரசு கோரியது அடுத்த கட்டம். பத்திரிகைத் தகவல் அலுவலகம் 2019இல் உண்மை சரிபார்ப்புப் பிரிவைத் தொடங்கியது. 2023 ஏப்ரலில் திருத்தப்பட்ட தகவல் தொழில்நுட்ப விதிகள், ஒன்றிய அரசைப் பற்றிய செய்தி பொய்யானது என்று அரசு அமைக்கும் பிரிவே அறிவித்தால், அதை விட்டுவைக்கும் தளம் தன் சட்டப் பாதுகாப்பை இழக்கும் என்று கூறின. பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பர் 20 அன்று அத்திருத்தத்தை அரசமைப்புக்கு முரணானது என்று நீக்கியது. தமிழ்நாடு அரசும் 2023 அக்டோபரில் தனக்கென ஒரு சரிபார்ப்பகத்தை ஏற்படுத்தியது. வெள்ளக் காலத்தில் அணை உடைந்தது என்று பரவும் பொய்யை மறுக்க இத்தகைய அமைப்பு பயன்படும். ஆனால் வழக்கில் ஒரு தரப்பாக இருப்பவரே தீர்ப்பும் எழுதும் ஏற்பாடு போராட்டக் காலத்தில் எந்த அரசின் கையிலும் நம்பத்தக்கதாக இராது.

இவ்வளவு பரப்புரையும் படுகையில் பயன் தந்ததா என்று கேட்டால், மக்களின் கருத்தை மாற்றுவதில் அது பெரும்பாலும் தோற்றது என்றே சொல்லவேண்டும். 2020 பிப்ரவரியில் படுகைக்கெனப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டம் நிறைவேறியது. 2023இல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகிய நிலக்கரி வட்டாரங்கள் ஏலப் பட்டியலில் வந்ததும் எழுந்த எதிர்ப்பில், ஒன்றிய அமைச்சர் பிரகலாத் ஜோஷி ஏப்ரல் 8 அன்று ட்விட்டர் வழியாகவே அவற்றை விலக்கினார். எதிர்ப்பை அடக்குவதில் தோற்ற பரப்புரை, வெற்றியைத் தன்னுடையதாக்கிக்கொள்வதில் திறமை காட்டியது. வேளாண் மண்டலச் சட்டம் வந்த அடுத்த மாதமே திருவாரூரில் நடந்த விழாவில் அன்றைய முதலமைச்சர் பழனிசாமிக்குக் 'காவிரிக் காப்பாளர்' என்ற பட்டம் சூட்டப்பட்டது. அவ்விழாவின் காட்சிகள் பல நாள்கள் பகிரப்பட்டன. சட்டத்தின் உள்ளடக்கம் அவ்வாறு பகிரப்படவில்லை. அது புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடுக்கிறதே அன்றி, ஏற்கெனவே நடைபெறும் பணிகளைத் தொடவில்லை. முதலில் அறிவிக்கப்பட்ட திருச்சி, கரூர், அரியலூர் மாவட்டங்கள் சட்டத்தில் இடம்பெறவில்லை. நாகப்பட்டினத்திலிருந்து 2020 டிசம்பரில் பிரிந்த மயிலாடுதுறையின் பெயரைச் சேர்க்கத் தனித் திருத்தம் 2023இல்தான் வந்தது.

ஆகவே குத்தாலத்திலும் செம்பனார்கோவிலிலும் திருவாரூரிலும் வயல் நடுவே நிற்கும் பழைய கிணறுகள் எவை, எந்த உரிமத்தின்கீழ் எந்த ஆண்டு வரை இயங்கலாம், மூடப்பட்டவை எவ்வாறு மூடப்பட்டன, பழைய கிணற்றில் புதிதாகப் பக்கவாட்டில் துளையிட்டால் அது புதிய பணியா தொடர்ச்சியா என்பவை இன்னும் ஊர் தோறும் விளக்கப்படவேண்டியவையாகவே உள்ளன. ஊராட்சிச் சட்டம் ஆண்டுதோறும் கிராம சபைகளைக் கூட்டச் சொல்கிறது. மீத்தேன் காலம் தொட்டு அச்சபைகள் தீர்மானங்களை நிறைவேற்றி அனுப்பியும் வந்துள்ளன. அத்தீர்மானங்களுக்கு எழுத்தில் தமிழில் விடை அனுப்பும் கடமை எந்தத் துறைக்கும் விதிக்கப்பட்டதாகத் தெரியவில்லை.